நடு போல்ட்டு

மருமவனே, நேத்து ராத்திரியோட நீ மெக்கானிக்கா ஆயிட்டன்னு என் தங்கச்சி வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். ரொம்ப சந்தோசம்லே. போன்ல ஒரு வீடியோ பாத்தியாம். அதுல ஒரு வெள்ளக்காரன் அவுட்போர்டு இஞ்சினோட ஸ்டார்ட்டரைக் கழத்தி, கயிறு மாத்தி, திரும்ப மாட்டி, கடைசியில சிரிச்சிக்கிட்டே கையாட்டிட்டுப் போனானாம். வீடு முழுக்க அதே பேச்சாம். வலையில ஒழுங்கா ஒரு கண்ணி போடக் கத்துக்க நம்ம பயலுவளுக்கு வருசக் கணக்கு ஆவுது. இஞ்சினு படிக்க உனக்கு ஒரு ராத்திரி போதும்னா, நீ பொறந்த நேரம் அப்பிடி.

உன்னைத் தடுக்க நான் யாரு? இஞ்சினு உன்னுது, கடன் உன்னுது, கண்ணு ரெண்டும் உன்னுது. அதுல எது போனாலும் எனக்கு நட்டமில்ல. ஆனா உங்கம்மா உனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு அலையுதா பாரு, அதுதான் யோசனை. பொண்ணு வீட்டுக்காரன் மாப்பிள்ளைக்கு என்ன சோலின்னு கேப்பான், சொல்லிரலாம். மாப்பிள்ளைக்கு எத்தன கண்ணுன்னு கேட்டாத்தான் பதில் வராது. அதனால நாலு வார்த்தை சொல்லுதேன். கேட்டா கேளு, கேக்காட்டி நீ கடப்புறத்தைப் பாத்து நட.

முதல்ல, அந்த ஸ்டார்ட்டரு என்ன குத்தம் பண்ணுச்சு? இழுத்து இழுத்துப் பாத்தும் இஞ்சினு புடிக்கலங்க. சரி. இழுக்கும்போது உள்ள சக்கரம் சுத்துச்சா? சுத்துச்சு. கயிறு திரும்ப உள்ள போச்சா? போச்சு. அப்ப ஸ்டார்ட்டரு தன் சோலியை ஒழுங்காத்தானலே பாத்துருக்கு! பிளைவீலைச் சுத்தி விடுறதோட அதோட பொறுப்பு முடிஞ்சுது. பொறி வரலன்னா பிளக்கைக் கேளு, எண்ணெய் வரலன்னா கார்புரேட்டரைக் கேளு. இவன் செஞ்ச பாவத்துக்கு அவன் தலையில கை வைக்கிறது என்ன நியாயம்?

நீ வச்சிருக்கிறது மண்ணெண்ணெயில ஓடுற இஞ்சினு. அதைப் பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, நல்லா சூடேறுன பொறவுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். கரைக்கு வாறப்ப, அணைக்கிறதுக்கு முந்தி மறுபடி பெட்ரோலுக்கு மாத்தி, கொஞ்ச நேரம் ஓட விட்டு அணைக்கணும். இது உனக்கும் தெரியும். ஆனா நீ செய்யுதது என்ன? ஏலக்காரன் கரையில நிக்கான்னு பாத்ததும் மண்ணெண்ணெயிலயே டப்புனு அணைச்சிட்டு, கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடுத. மறுநாள் விடியக்காலம் கார்புரேட்டர் வயிறு முழுக்க குளுந்த மண்ணெண்ணெய். அதுல பொறி எப்பிடிலே புடிக்கும்? நீ கயித்தை வெறி புடிச்சி இழுக்கத்தான் செய்வ. கயிறும் அறத்தான் செய்யும். மாட்டாட்டி பொறியே வராத அந்தச் சிவப்பு வயரு கிளிப்பை மாட்ட மறந்துட்டு, அர மணி நேரம் கயிறு இழுத்து, கடைசியில இஞ்சின் கம்பெனிக்காரன் வம்சத்தையே ஏசின ஆளும் நம்ம ஊருல உண்டு. பேரு சொல்ல மாட்டேன். நாளைக்கு அவரு வள்ளத்துல நீ தொழிலுக்குப் போகணும்.

ஸ்டார்ட்டருதான் குத்தவாளின்னா அதுக்கு அடையாளம் வேற. கயிறு அசையவே மாட்டேங்குதா? உடனே ஸ்பேனரைத் தேடாதே, கியரு எங்கன நிக்குதுன்னு பாரு. நியூட்ரல்ல இல்லன்னா கயிறு சுத்தியிருக்கிற உருளை சுத்தக் கூடாதுன்னே நிறைய இஞ்சின்ல ஒரு பூட்டு வச்சிருக்கான். கியருலேருந்து ஒரு மெல்லிசு கேபிள் வந்து ஸ்டார்ட்டர்ல மாட்டியிருக்கும். நியூட்ரல்ல வச்சும் அசையலன்னா அந்தக் கேபிள் இழுத்துக்கிட்டு நிக்கலாம். இல்ல, இஞ்சினே உள்ள புடிச்சிக்கிட்டு நிக்கலாம். ரெண்டாவது, கயிறு சர்ருனு வருது, ஆனா சக்கரம் சுத்தலையா? உள்ள இருக்கிற கொக்கி வெளிய வந்து பிளைவீலைப் புடிக்கல. கொக்கி தேஞ்சிருக்கும், இல்ல அதுக்குரிய குட்டி ஸ்பிரிங் உப்புல அரிச்சு விட்டிருக்கும். மூணாவது, வெளிய வந்த கயிறு உள்ள போவாம நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதா? பெரிய சுருள் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கும், இல்ல மாட்டின எடத்துலேருந்து கழண்டிருக்கும். வெறும் உப்புக் கறை ஏறி உருளை இறுகிக்கிட்டதாவும் இருக்கலாம். நாலாவது, கயிறே அறுந்து பிடி மட்டும் உன் கையில வந்துருச்சா? அதுக்குச் சோசியம் பாக்க வேண்டியதில்ல.

இதுல ஒண்ணு சரியாப் பொருந்துனா மட்டும் மேல கேளு.

ஸ்டார்ட்டரைத் தொடுறதுக்கு முந்தி, அது எதுக்காக வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோ. வெளிய தொங்குற இஞ்சினை உலகத்துக்கு விக்கிற சரக்கா ஆக்குன ஆளுல ஒருத்தன் ஓலே எவின்ரூட். நார்வேயில பொறந்து, அமெரிக்காவுல மில்வாக்கியில பட்டறை போட்டவன். கட்டிக்கப் போற பொண்ணு ஐஸ்கிரீம் கேட்டான்னு ஏரியில துடுப்பு போட்டுப் போயி வாங்கியாந்தானாம். திரும்புறதுக்குள்ள அது உருகி ஓடிப்போச்சாம். அந்தக் கடுப்புலதான் படகுக்கு இஞ்சினு மாட்டுற யோசனை வந்துச்சுன்னு சொல்லுவாங்க. 1909-ல விக்க ஆரம்பிச்சான். ஒண்ணரைக் குதிரை சக்தி. எடை 62 பவுண்டு, நம்ம கணக்குக்கு 28 கிலோ. அதுல உன் ஸ்டார்ட்டரும் கெடையாது, சுருள் ஸ்பிரிங்கும் கெடையாது. பிளைவீல் மேலேயே ஒரு பிடி நீட்டிக்கிட்டு நிக்கும். அதைப் புடிச்சுச் சுழட்டி விடணும். இஞ்சினு புடிச்சதும் அந்தப் பிடியும் சேந்து சுத்தும். கையை எடுக்க ஒரு நொடி பிந்துனா விரல் மூட்டு பேந்துரும். பொறவு, சக்கரத்துல கயித்தைச் சுத்தி இழுக்கிற வழக்கம் வந்துச்சு. அதுல ஒவ்வொரு தடவையும் திரும்பச் சுத்தி இழுக்கணும். இழுத்த கயிறு தானாவே உள்ள சுருண்டுக்கிறது அதுக்கும் பொறவு வந்த சொகுசு. ஆகமொத்தம், மனுசன் விரலைக் காப்பாத்தத்தான் இத்தனை ஏற்பாடும். அதைக் கழத்தப் போயி விரலை விட்டுட்டு வந்து நின்னேன்னா, மில்வாக்கிக்காரன் கல்லறைக்குள்ள கெடந்து சிரிப்பான்.

சரி, கழத்தத்தான் போறன்னு முடிவு பண்ணிட்ட. எங்கன வச்சு? கடல்ல வச்சா? வள்ளம் ஆடும், நீ ஆடுவ, கையில இருக்கிற போல்ட்டு மட்டும் ஆடாம நேரா அடிக்குப் போயிரும். சவத்தைக் கரைக்குக் கொண்டா. இஞ்சினைக் கழத்தி, ஒரு கட்டையில நிமிந்த வாக்குல மாட்டி இறுக்கு. மணலுக்கு மேல வேண்டாம். அடியில ஒரு சாக்கை விரி, பக்கத்துல ஒரு டப்பா வை. இஞ்சினு ஆறட்டும். அது ஆறும்போதே நீயும் ஆறிக்கோ. பதறாத காரியம் சிதறாதுன்னு நம்ம பெரியாளுவ சொன்னது, சுருள் ஸ்பிரிங்கைப் பாக்காமலே சொன்னது.

ஆறுன பொறவு எண்ணெய்க் குழாயைப் புடுங்கு, எண்ணெய் வர்ற திருகை மூடு. சிவப்பு வயரு கிளிப்பைக் கழத்தி உன் சட்டைப் பையில போட்டுக்கோ. பிளக்கு மூடியையும் புடுங்கி, பிளக்கு வாயை விட்டுத் தள்ளி ஓரமாக் கட்டி வை. எதுக்குன்னா, அந்தச் சக்கரத்தைக் கையால சுத்தினாலும் பொறி வரும். கொஞ்சம் எண்ணெய் ஆவி உள்ள நின்னா இஞ்சினு ஒரு தரம் உதறும். அந்த ஒரு உதறலுக்கு உன் விரல் அங்கன இருக்கக் கூடாது. மூடியைத் தொங்க விட்டுட்டு விளையாட்டுக்குக் கயித்தை இழுத்துப் பாக்காதே. இக்னிசனுக்கும் ஆவாது, பக்கத்துல பெட்ரோல் ஆவி இருந்தா அந்தப் பொறியே உனக்கு வாணவேடிக்கை காட்டிரும். பீடியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பெட்ரோல் பக்கத்துல பீடி குடிக்கிறது உங்க பரம்பரைச் சொத்து. உங்க தாத்தாவுக்குப் புருவம் எப்பிடிப் போச்சுன்னு உங்கம்மாகிட்டயே கேளு.

இப்ப மேல் மூடியைத் தூக்கு. தூக்கினதும் கையை வைக்காதே, கண்ணை வை. உன் போன் வீடியோ பாக்க மட்டுமா இருக்கு? நாலு பக்கமும் நிண்ணு போட்டோ எடு. கியர்லேருந்து வாற கேபிள் எந்தத் துவாரத்துல எப்பிடி மாட்டியிருக்கு, திருகு எத்தனை மரை வெளிய நிக்குதுங்கிறதெல்லாம் படத்துல தெரியணும். மாட்டும்போது அந்தக் கேபிளுக்கு உன்கிட்ட இருக்கப் போற ஒரே சாட்சி அதுதான். எடுத்த பொறவு கேபிளைப் பைய விடுவி.

சின்ன இஞ்சின்ல பெரும்பாலும் மூணு போல்ட்டுதான் ஸ்டார்ட்டர் டப்பாவை இஞ்சினோட சேத்துப் புடிச்சிருக்கும். அநேகமா பத்தாம் நம்பர் ஸ்பேனரு சேரும். ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டுத் தலையை மொழுக்கின கெட்டிக்காரனுவ நம்ம கரையில நிறைய பேரு உண்டு, நீயும் அந்தக் கூட்டத்துல சேராதே. உப்புத்தண்ணியில கெடந்த போல்ட்டு அலுமினியத்தோட ஒட்டிக்கிட்டு வர மறுக்கும். மறுத்தா, துரு இளக்குற எண்ணெயை அடிச்சு விட்டுட்டுப் போயி ஒரு டீ குடி. வந்து ஒரு தட்டு தட்டி, மறுபடி அடிச்சு விட்டுட்டு இன்னொரு டீ குடி. டீயில போற துட்டு, மரை போனா ஆவுற துட்டுல காக்கால்கூட இல்ல. போல்ட்டு வந்ததும் பக்கத்துல வச்ச டப்பாவுல போடு. வாயில கவ்வாதே. பேச்சு வாக்குல முழுங்கிட்டன்னா மறுநா வரைக்கும் காத்திருக்கணும்.

மூணும் வந்துட்டா ஸ்டார்ட்டர் டப்பாவை நேரா மேல தூக்கு. வந்துருச்சா? பாத்தியா, இவ்வளவுதான். சுருள் ஸ்பிரிங் பத்திரமா டப்பாவுக்குள்ளயே இருக்கு, உனக்கும் ஒண்ணும் ஆவல. ஸ்டார்ட்டரைக் கழத்தத் தெரியுமான்னு எவன் கேட்டாலும் இனி நெஞ்சை நிமுத்தித் தெரியும்னு சொல்லு. பொய் இல்ல. இதோட வீட்டுக்குப் போறவன் நிசமாவே கெட்டிக்காரன்.

ஆனா கயித்துப் பிடி சில இஞ்சின்ல கீழ் மூடியோட ஓட்டை வழியா வெளிய தலையை நீட்டிக்கிட்டு நிக்கும். பிடியைக் கழத்தினாத்தான் டப்பா வெளிய வரும். அங்கனதான் பாதிப் பேரு மாட்டுறான். பிடிக்குள்ள இருக்கிற முடிச்சை அவுத்தா, கயிறு உன்கிட்ட உத்தரவு கேட்டுட்டா உள்ள போவும்? உள்ள இழுக்கணும்னு சுருள் முழு முறுக்குல காத்துக்கிட்டு இருக்கு. பிடி கழண்ட நொடியில கயிறு சர்ருனு உள்ள ஓடி, உருளை தறிகெட்டுச் சுத்தும். குறுக்க விரல் இருந்தா விரலுக்குக் கேடு, இல்லன்னா சுருளோட முனைக்குக் கேடு. அதனால முதல்ல கயித்தை ஒரு அடிக்கு வெளிய இழு. டப்பா வாயை ஒட்டினாப்புல, இழுத்தா அவுந்துற சுருக்கு முடிச்சு ஒண்ணு போடு. அந்த முடிச்சு வாயில தடுத்து நின்ன பொறவு பிடியைத் தொடு. இத்தனை வருசம் கயித்தோட பொழைக்கிற ஊருல பொறந்துட்டு, முடிச்சு போடத் தெரியாமப் போச்சுன்னா வெளிய சொல்லாதே.

கழத்தின எடத்துலயே பிளைவீலையும் ஒரு பார்வை பாரு. நடுவுல ஒரு கிண்ணம் இருக்கும், கொக்கி வந்து மாட்டுற காடி அதுலதான். காடி ஓரம் மழுங்கியிருக்கான்னு விரல் வச்சுத் தடவு. அது மழுங்கிக் கெடக்கும்போது இங்கன புதுக் கொக்கி போட்டு என்ன புண்ணியம்?

இப்ப டப்பாவை மல்லாக்கப் போடு. உருளை உன்னைப் பாத்துக்கிட்டு இருக்கும். அதுக்கு நட்டநடுவுல ஒரு போல்ட்டு, பளபளன்னு, என்னைக் கழத்துன்னு கூப்பிடும். மருமவனே, நான் இவ்வளவு நேரம் பேசினதெல்லாம் இந்த ஒரு போல்ட்டுக்காகத்தான். வெளிய இருந்த மூணும் ஸ்டார்ட்டரை இஞ்சினோட புடிச்சிருந்துச்சு. இந்த நடு போல்ட்டு சுருளை உலகத்துலேருந்து புடிச்சிருக்கு. உள்ள இருக்கிற எஃகுப் பட்டையை நீட்டினா ஆள் நீளத்துக்கு மேல வரும். அதைச் சுருட்டி உள்ளங்கை அகலத்துல அடைச்சி வச்சிருக்கான். மாமனார் வீட்டுல கோவிச்சுக்கிட்டுச் சுருண்டு படுத்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி அது. அது பாட்டுக்குக் கெடக்கிற வரைக்கும் யாருக்கும் தொந்தரவில்ல. எழுந்திரிங்கன்னு எவனாவது போர்வையை உருவினான்னா, எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி மிஞ்சாது. பட்டையோட ஓரம் கத்திக்குச் சமானம், பாத்துக்கோ.

கயிறு மட்டும் மாத்தணும்னா இந்த நடு போல்ட்டைத் தொடணும்னே அநேகமா இல்ல. இது பல பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவன் சொல்லவும் மாட்டான், சொன்னா அவன் கூலி கொறஞ்சு போவும். உருளையை முறுக்கி, பழைய முடிச்சு வெளிய தெரியுற எடத்துல கெட்டியாப் புடிச்சு நிறுத்தி, பழசை உருவிட்டுப் புதுசைக் கோத்துரலாம். கொக்கியோ சுருளோ பழுதா இருந்தாத்தான் நடுவுக்குப் போகணும்.

போயித்தான் ஆவணும்னா, முதல்ல மாப்பிள்ளை கோவத்தை எறக்கு. தோல் கையுறை போடு. கண்ணுக்கு, வெல்டிங் பட்டறையில கிரைண்டர் புடிக்கிற பய போடுவான் பாரு, அந்த வெள்ளைக் கண்ணாடியைப் போடு. கறுப்புக் கண்ணாடி வேண்டாம், இங்கன உன்னைப் படம் எடுக்க யாரும் வரல. உருளை விளிம்புல ஒரு வெட்டு இருக்கும். உருளையைக் கட்டை விரலால அமுக்கிக்கிட்டே, கயித்தை அந்த வெட்டுல மாட்டு. முன்னால போட்ட சுருக்கு முடிச்சை இப்ப அவு. அவுத்ததும் உன் கட்டை விரலுக்குக் கீழ அந்த உருளை தள்ளும். அந்தத் தள்ளலை மறக்காதே, அதுதான் உன் எதிராளி. விரலை முழுசா எடுக்காம, லேசா இளக்கு. உருளை கால் சுத்து நழுவும், அமுக்கு. மறுபடி இளக்கு, அமுக்கு. வெட்டுல மாட்டின கயிறும் உருளையோடவே சுத்தி வரும். அது எந்தப் பக்கம் போகத் துடிக்குதோ அந்தப் பக்கமே விடு, மல்லுக்கு நிக்காதே. சுத்துச் சுத்தா கோவம் கொறைஞ்சு, ஒரு எடத்துல உருளை ரெண்டு பக்கமும் லொடலொடன்னு ஆடும். அப்பதான் முறுக்கு தீந்துச்சுன்னு அர்த்தம்.

கயிறு அறுந்த ஸ்டார்ட்டருன்னா இந்த வேலை தன்னாலயே நடந்து முடிஞ்சிருக்கும். அதை வச்சு, முறுக்குதான் போயிருச்சே இனி என்னன்னு மூஞ்சியைக் கொண்டு போயி நீட்டாதே. முறுக்கு தீந்தாலும் சுருளு இன்னும் குறுகின எடத்துலதான் அடைஞ்சு கெடக்கு. வழி கெடைச்சா வெளிய விரியத்தான் பாக்கும்.

நடு போல்ட்டை எடுத்து, மூடித்தட்டை எடுத்து, கொக்கியையும் குட்டி ஸ்பிரிங்கையும் ஒவ்வொண்ணா படம் புடிச்சு எடுத்த பொறவு, உருளையைத் தூக்குற கட்டம். படக்குனு தூக்கினா சுருளும் அதோட முனையில தொத்திக்கிட்டு வரும். உருளையில ஒரு ஓட்டை இருந்தா, அது வழியா மெல்லிசு ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுருளை அடியில அமுக்கிக்கிட்டே, உருளையை லேசா அப்படி இப்படி ஆட்டி மேல எடு. சுருளோட உள்முனை உருளையை விட்டுக் கழண்டுரும். மூஞ்சியை நேரா மேல வைக்காம தள்ளி வை. சுருளு நல்லா இருந்தா, அது எடத்துலயே கெடக்கட்டும், ரெண்டு பேரும் கும்பிட்டுட்டு நகந்துருவோம்.

உடைஞ்சதை எடுத்தே தீரணும்னா, டப்பாவைத் தரையில சாக்கு மேல குப்புறக் கவுத்தி, முதுகுல மரச்சுத்தியால தட்டு. சுருளு டப்பாவுக்கு அடியிலயே விழுந்து, ஆடுற ஆட்டத்தை அங்கனயே ஆடி முடிச்சிக்கும். புதுச் சுருளு பல நேரம் ஒரு வளையத்துல கட்டித்தான் வரும். வளையத்தோட டப்பாவுக்குள்ள உக்கார வச்சு, வெளிமுனையை மாட்டி, அதுக்குப் பொறவுதான் வளையத்தை எடுக்கணும். ஆசை தாங்காம மொதல்லயே வளையத்தை வெட்டுறவனுக்கு நான் அறிவுரை சொல்லுறதில்ல. பக்கத்து வீட்டுக்காரனைத்தான் கதவைச் சாத்தச் சொல்லுவேன்.

கயிறுன்னதும் நீ வலைக் குவியலுக்குள்ள கையை விடுவன்னு எனக்குத் தெரியும். வேண்டாம். பழசு என்ன கனம், என்ன நீளமோ அதே கனம், அதே நீளம். கனமா இருந்தா உருளைக்குள்ள இறுகும். நீளமா இருந்தா முழுசா உள்ள போவாது. குட்டையா இருந்தா முழு இழுப்பு கெடைக்காது. நைலான் கயித்து முனையைத் தீக்குச்சியில காட்டி உருக்கி அமுக்கு, பிரியாம இருக்கும். அதை எண்ணெய் டாங்கி பக்கத்துல வச்சுச் செய்யாதே, உங்க தாத்தா கதையை இன்னொரு தரம் சொல்ல எனக்கு நேரமில்ல.

மாட்டுறது கழத்தினதுக்கு நேர் தலைகீழ். நடுத்தண்டுல கொஞ்சம் கிரீஸ் தடவு. கொஞ்சம்னா கொஞ்சம், கலியாண வீட்டு நெய் இல்ல. கொக்கி மேல அப்பினா அது ஒட்டிக்கிட்டு வெளிய வராது. நடு போல்ட்டு மரையில ஏற்கெனவே பசை ஒட்டியிருந்தா, திரும்ப மாட்டும்போதும் அந்தப் பசை போடணும். கயித்தை உருளையில சுத்தி, வெட்டுல மாட்டி, சுருளுக்கு எதிராக் கொஞ்சம் முறுக்கு ஏத்து. எத்தனை சுத்துன்னு உன் இஞ்சினோட புத்தகத்துல போட்டிருப்பான். அதைப் பரண்லேருந்து எடுத்துப் படி, எலி மிச்சம் வச்சிருந்தா. நல்லதுதானேன்னு அளவுக்கு மேல ஏத்தாதே. சோதிக்கிற வழி இருக்கு: கயித்தை முழுசா வெளிய இழுத்துப் புடிச்சிக்கிட்டு, உருளையை இன்னும் கொஞ்சம் கையால சுத்திப் பாரு. சுத்துனா சரி. சுத்தாம கல்லா நின்னா சுருளுக்கு மிச்சமே இல்லன்னு அர்த்தம். அடுத்த இழுப்புல உடையும். ஒரு சுத்து எறக்கு. கயித்தை மெதுவா இழுக்கும்போது கொக்கி வெளிய எட்டிப் பாக்கணும், விடும்போது உள்ள போயிரணும். அதையும் கண்ணால பாத்துட்டுத்தான் இஞ்சின் மேல தூக்கி வைக்கணும்.

மூணு போல்ட்டையும் முதல்ல கையால ஏத்து, பொறவு ஸ்பேனரு. கேபிளை மறக்காதே. ஒரு சின்ன கேபிளு, இல்லன்னா என்னன்னு வீசி எறியுற வீரனுவ உண்டு. அந்தப் பூட்டு இல்லாம கியருல நிக்கும்போது கயித்தை இழுத்தா, இஞ்சினு புடிச்ச நொடியில வள்ளம் முன்னால பாயும். நின்னு இழுத்த நீ பின்னால பாய்வ. பின்னால என்ன சுத்திக்கிட்டு இருக்கும்னு நான் சொல்லணுமா? அதனால மாட்டின பொறவு கியரைப் போட்டு இழுத்துப் பாரு, கயிறு வரக் கூடாது. நியூட்ரல்ல வச்சு இழு, வரணும். இதுக்குப் பொறவுதான் பிளக்கு மூடியும் கிளிப்பும் எண்ணெய்க் குழாயும்.

நடுக்கடல்ல ஸ்டார்ட்டரு காலை வாரிட்டா அப்ப என்ன செய்யன்னு கேக்க, கேளு, நல்ல கேள்வி. அங்கன வச்சு வெளி மூணு போல்ட்டோட நிறுத்திக்கோ. பெட்டிக்குள்ள எப்பவும் ஒரு தனிக் கயிறு கெடக்கணும்: ஒரு முனையில முடிச்சு, மறுமுனையில கட்டை. டப்பாவை எடுத்துட்டு, பிளைவீல் கிண்ணத்துக் காடியில முடிச்சை மாட்டி, மேலேருந்து பாத்தா கடிகார முள்ளு சுத்துற பக்கமா சுத்தி இழு. கயித்தைக் கையில சுத்திக்கிட்டு இழுக்காதே. இஞ்சினு எதிர்ப்பக்கம் உதைச்சா கையும் சேந்து போவும். பின்னால ஆளு நிக்கக் கூடாது. கேபிளு கழண்டு கெடக்கிறதால கியருக்கு இப்ப காவல் இல்ல, நியூட்ரலான்னு நீயே பாத்துக்கணும். கழுத்துல கெடக்கிற துண்டு, அவுந்து தொங்குற சாரம் எல்லாத்தையும் இறுக்கிக் கட்டு. தெறந்து கெடக்கிற சக்கரத்துக்கு மானம் ரோசம் ஒண்ணும் கெடையாது. புடிச்ச பொறவு டப்பாவைத் திரும்ப மாட்டணும்னு ஆசைப்படாம நேரா கரைக்கு வா.

இதெல்லாம் நடக்காம இருக்கவும் ஒரு வழி இருக்கு, காசு செலவில்லாத வழி. கயித்தைப் பைய இழு, கொக்கி மாட்டினது கையில தட்டும். அதுக்குப் பொறவு வேகமா இழு. கடைசி முனை வரைக்கும் போயி மொடுக்குனு இழுக்காதே. புடிச்சதும் பிடியைச் சட்டுனு விடாம, கையோட கொண்டு போயி எடத்துல வை. பொழுது போனா நல்ல தண்ணி ஊத்திக் கழுவு. இதை நான் சொன்னா, மாமா பழைய காலத்து ஆளும்ப. அதே வீடியோக்காரன் சொன்னா லைக் போடுவ.

கணக்கு இதுதான் மருமவனே. மூணு போல்ட்டு கழத்தத் தெரிஞ்சவனுக்கு மெக்கானிக்கை ஊருக்குள்ள கூப்பிடுற கூலி மிச்சம். டப்பாவைச் சாக்குல சுத்திக் கொண்டு போயி அவன் மேசையில வச்சா போதும். நடு போல்ட்டைக் கழத்தாதவனுக்கு ஆஸ்பத்திரிக் கூலியும் மிச்சம்.

இந்தா, பத்தாம் நம்பர் ஸ்பேனரு. வெளி மூணுக்கும் இது போதும். நடுவுக்கு வேற நம்பரு வேணும், அதுவும் எங்கிட்டதான் இருக்கு. உங்க அத்தை எங்கன எடுத்து வச்சான்னு தெரியல. நீ போயி கையுறையும் கண்ணாடியும் வாங்கிட்டு வா. அதுக்குள்ள ஒருவேளை அது கெடைச்சாலும் கெடைக்கும்.